வீட்டு வரிக்கு ஒரு சேலை

டோக்கன் பதினேழு. சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் ஒன்பது என்று நிற்கிறது, கால் மணி நேரமாக அதே ஒன்பதுதான். உள்ளே யாரோ பெரிய சொத்தாக எழுதுகிறார்கள் போல. இழுக்கட்டும், எனக்கும் நேரம் வேண்டும், தெய்வானை இன்னும் வந்து சேரவில்லை. பத்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்று சொன்ன என் தங்கை, மணி பதினொன்று ஐந்தாகிறது, ஆளைக் காணோம். ஆறே முக்காலுக்கே பஸ் ஏறிவிட்டேன் என்று போனில் சொன்னாள், பின்னால் பஸ் சத்தமும் கேட்டது. பஸ் சத்தம் எங்கே நின்றாலும் கேட்கும். வக்கீல் வீட்டு வாசலில் நின்றாலும் கேட்கும். இப்படி நினைக்கக் கூடாதுதான், கூடப் பிறந்தவள். ஆனால் கூடப் பிறந்தவள் என்பதால்தானே இந்தப் பத்திரப் பதிவு ஆபீசில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அடுத்த வீட்டுக்காரியாக இருந்தால் எனக்கு எதற்கு இந்தப் பாடு. விஷயம் இவ்வளவுதான். அம்மா பெயரில் ஒரு வீடு. முன்பக்கம் என் பெயிண்ட் கடை, பின்பக்கமும் மாடியும் நாங்கள் குடியிருப்பது. அம்மா உயில் எழுதாமல் போய்விட்டாள். வாரிசுச் சான்றிதழில் இரண்டே பெயர், சௌந்தரபாண்டி, தெய்வானை. ஆளுக்குப் பாதி. இருபத்தாறு வருஷமாக நான் தூசி தட்டி ஷட்டர் ஏற்றும் கடையில் பாதி, தேனியில் குடியிருக்கும் தெய்வானையுடையது. எந்தப் பாதி என்று கேட்டால் சட்டத்துக்கும் தெரியாது. கல்லாப்பெட்டி இருக்கும் பாதியா, பிரைமர் டப்பா அடுக்கியிருக்கும் பாதியா. இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து கடையில் நின்றால் ஒரு காலை அடுத்தவர் இடத்தில் ஊன்றி நிற்பது போலவே இருக்கிறது.

அவள் வராமல் இருந்துவிட்டால்? அதைவிட, வந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? நான் அவளிடம் வீட்டு வரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். "வீட்டு வரிய என் பேருக்கு மாத்தணும்த்தா, ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போயிரு." அவள் "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். எந்த ஆபீஸ், என்ன ஏது, எதற்கு ஆதார் கார்டு, ஒன்றும் கேட்கவில்லை. அந்த ‘சரிண்ணே’ பதினொரு நாளாக என் காதில் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. கத்தரிக்காய்க்காரனிடம் அரை மணி நேரம் நின்று பேரம் பேசுகிறவள் அவள். அவள் வீட்டுக்காரர் குருநாதன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மீதிச் சில்லறைக்குக் கணக்குக் கேட்கிற ஆயிரம் பேரைப் பார்த்தவர். பத்திரிகையில் வரும் சட்டக் கேள்வி பதிலைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறவர். போன தீபாவளிக்கு வந்தபோது அந்த நோட்டை என் கண்ணால் பார்த்தேன், ‘தாய் வழிச் சொத்தில் மகளுக்கு உரிமை உண்டா?’ என்று தலைப்பு, கீழே சிவப்பு மையில் கோடு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா பொழுது போகணும்ல மச்சான்" என்று சிரித்தார். பொழுது போகாதவன் சினிமாவுக்குப் போவான். எதற்குச் சிவப்பு மை? அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு ‘சரிண்ணே’ வந்தால் அதை அப்படியே நம்ப நான் என்ன பச்சைப்பிள்ளையா?

அதோ பத்திர எழுத்தர் நாகலிங்கம் வேப்பமரத்தடியில் நின்று போன் பேசுகிறார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. என்னோடு பேசும்போது ஒரு நாளும் குரலைத் தாழ்த்தாத மனிதர் இப்போது வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறார். யாரோடு? அவர்தான் முதலில் எனக்கு விளக்கியவர். "தங்கச்சி கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காதுண்ணே. பொண்ணுக்கும் சரிபங்கு. விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. என் பங்கை அண்ணனுக்கே விட்டுக் குடுக்குறேன்னு அவங்களே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். சார்பதிவாளர் கேட்பாரு, சம்மதம்தானான்னு. அவங்க ஆமான்னு சொல்லணும்." சொல்லிவிட்டு, "தங்கச்சிகிட்ட எல்லாம் பேசிட்டீங்கள்ல?" என்றார். பேசியாச்சு என்றேன். என் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என்ன கண்டுபிடித்திருப்பார்? கடைக்கு எதிரே புதுப் பேருந்து நிலையம் வரப்போவது அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். போன மாதம் செல்போன் கம்பெனிக்காரன் ஒருவன் ஷோரூமுக்கு இடம் தேடி வந்து டேப்பை நீட்டி என் கடை முகப்பை அளந்துகொண்டு போனது அவருக்குத் தெரியாது. தெய்வானைக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவசர அவசரமாக நாள் குறித்தேன். அளந்தவன் அடிக்கணக்கைச் சத்தமாகச் சொன்னான் பாவி, எதிர்க் கடை ஜெராக்ஸ்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தேனியில் சித்தி வீடு இருக்கிறது என்று என் மனைவி வசந்தா ஒருநாள் சொன்னாள். தேனி என்ன ஒரு தெருவா? இருந்தாலும் சித்தி வீடு எந்தத் தெரு என்று கேட்டு வைத்திருக்கலாம்.

பத்து. பதினொன்று. ஒரேயடியாக இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். முன்பு நகராத பலகை எனக்குத் தேவைப்படும்போது ஓடுகிறது. மடியில் இருக்கும் துணிக்கடைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். உள்ளே சேலை இருக்கிறது, பட்டு இல்லை, பட்டு மாதிரி, பச்சையில் அரக்குக் கரை. கூடவே வெற்றிலை பாக்கு, ஆறு வாழைப்பழம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். வசந்தாதான் எடுத்து வைத்தாள். "வெறுங்கையோட கையெழுத்து வாங்காதீக. பொறந்தவ மனசு நொந்து போட்டா நம்ம பிள்ளைகளுக்குத்தான் ஆகாது." எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தங்கையோ அக்காவோ சொத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற அன்று அண்ணன் தம்பிகள் சேலை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சித்தப்பா கொடுத்தார், பெரியம்மா மகன் கொடுத்தான், நானே இரண்டு மூன்று தடவை கூட நின்றிருக்கிறேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அப்புறம் பேனாவை எடுப்பாள். இதோ மூன்றாவது பெஞ்சில் ஒரு குடும்பம், தட்டில் சேலை, மேலே பூ, பக்கத்தில் ஒரு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பார்த்தவுடன் தெரிகிறது என்ன பத்திரம் என்று. பார்த்தவுடன் தெரிகிறது. ஐயோ. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வீட்டு வரிக்கு எவனாவது சேலை எடுப்பானா? பதினொரு நாளாக ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை வரவேண்டாம் என்பதற்கு ஒரு காரணம், ஆதார் கார்டுக்கு ஒரு காரணம், கடைசியில் பையில் உண்மையை மடித்து எடுத்து வந்திருக்கிறேன். எங்கள் ஜாதி சனத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் இந்தப் பையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வசந்தாவுக்குத் தெரியாதா இது? தெரிந்தேதான் கொடுத்தாளா? அவளுக்கும் இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் அவளும் இப்படி ஒரு சேலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள்தான், அதை இதுவரை உடுத்தவில்லை, பீரோவில் அடியில் கிடக்கிறது. என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு கட்சி இருக்கிறதா? பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடலாம். கையெழுத்து ஆன பிறகு கொடுக்கலாம். அப்போது கொடுத்தால் அது சீர் இல்லை, கூலி. கொடுக்காமலே விட்டால் வசந்தா சொன்ன மாதிரி பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மூத்தவனுக்கு வரும் மாதம் பரீட்சை.

பலகையில் பன்னிரண்டு. வெயில் ஜன்னல் கம்பி வழியாக முழங்கால் வரை வந்துவிட்டது. நாகலிங்கம் கொடுத்த பிரதியை நாலாவது தடவையாக எடுத்துப் படிக்கிறேன். ‘எவ்விதத் தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, என் பூரண சம்மதத்துடன், தங்கள் பேரில் எனக்குள்ள அன்பின் காரணமாக.’ அன்பாம். தட்டச்சுக்காரர்கள் தினமும் இருபது பத்திரத்தில் இதே அன்பை அடிக்கிறார்கள். அன்பு இல்லாமலா அவள் அம்மாவை நாலு மாதம் பார்த்தாள் என்று உடனே மனசு கேட்கிறது, இதை இப்போது யார் கேட்டது. அம்மா படுக்கையில் விழுந்ததும் தெய்வானை தேனியிலிருந்து வந்து நாலு மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். குளிப்பாட்டினாள், பீத்துணி அலசினாள், ராத்திரி அம்மா முனகினால் எழுந்து உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன்? தினமும் சாயங்காலம் கடையிலிருந்து பின்கட்டுக்குப் போய் அம்மாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கட்டைவிரலைப் பார்ப்பேன். மை இருக்கிறதா என்று. பகலில் நான் கடையில் இருக்கும்போது தெய்வானை ஏதாவது தாளில் ரேகை வாங்கிவிட்டால்? உயில் என்று ஒன்று கிளம்பிவிட்டால்? நகத்துக்குள் நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். ஒருநாள் கறுப்பாக இருந்தது, முகர்ந்து பார்த்தேன், அம்மா தோலுரித்த சுட்ட கத்தரிக்காயின் கரி. ஒரு நாள் விடாமல் நாலு மாதம். அம்மா தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், "என் மகன் கடையப் போட்டுட்டு வந்து என் கையப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கான். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்." அதைச் சொல்லிச் சொல்லியே செத்தாள். வெட்கக்கேடு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, செத்தாலும் சொல்லப் போவதில்லை. சில நாள் தெய்வானை வாசற்படியில் சாய்ந்து நின்று, நான் அம்மாவின் விரலைத் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன நினைத்திருப்பாள்? அம்மா நினைத்ததையா, அல்லது.

எதிர் டீக்கடையில் வெள்ளைச் சட்டை, வழுக்கை, தினசரியை அகலமாக விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. குருநாதன். இல்லை, குருநாதன் இவ்வளவு உயரம் இல்லை. உட்கார்ந்திருப்பவனுக்கு உயரம் எப்படித் தெரியும்? அவளை முன்னால் அனுப்பிவிட்டு, சார்பதிவாளர் கேள்வி கேட்கும் நேரம் பார்த்து, சட்டப் புத்தகத்தோடு உள்ளே நுழையலாம் என்று திட்டம். தினசரி இறங்குகிறது. யாரோ. அந்த யாரோவும் என்னைத்தான் பார்க்கிறான். பதினாறு என்று பலகை மாறுகிறபோது கேட்டில் ஆட்டோ வந்து நிற்கிறது, தெய்வானை இறங்குகிறாள். தனியாக. ஆட்டோவுக்குள் குனிந்து பார்க்கிறேன், வேறு யாரும் இல்லை. தோளில் ஒரு துணிப்பை, கையில் தண்ணீர்ப் பாட்டில், நெற்றியெல்லாம் வியர்வை. "வழியில பஸ் பஞ்சர்ணே. ஒரு மணி நேரம் ரோட்டுல நின்னோம். ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கியா?" பஞ்சர். இருக்கலாம், பஸ்ஸுக்குப் பஞ்சர் ஆவது உண்டு. எந்த டயர் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, கேட்கவில்லை.

"மாப்ள வரலயாத்தா?"

"நீதான வரவேணாம்ன?"

"அதுக்கில்ல, சும்மா கேட்டேன். அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும். போயிட்டு வான்னாக."

போயிட்டு வா என்று மட்டும் சொன்னாரா, அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் என்ன பேசினார்கள். பை என் கையில் இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் தள்ள மறந்துவிட்டேன், எழுந்தபோது கையோடு வந்துவிட்டது. அவள் பார்வை பைக்குப் போகிறது, பையின் வாய் வழியாக வாழைப்பழத்துக்குப் போகிறது, வெற்றிலைக்குப் போகிறது, அங்கிருந்து மூன்றாவது பெஞ்சில் அழுகிற அந்த அக்காவுக்குப் போகிறது, திரும்பி என் முகத்துக்கு வருகிறது. நான் தரையைப் பார்க்கிறேன். தரையில் யாரோ பசையைச் சிந்தியிருக்கிறார்கள்.

"வீட்டு வரிக்குச் சேலையாண்ணே?"

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால் எனக்குப் பதில் இருந்தது, பதினொரு நாளாகக் கோபத்துக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் சின்னப் பிள்ளையில் நான் ஒளித்துவைத்த முறுக்கைக் கண்டுபிடித்தால் சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள். "மதினி குடுத்துவிட்டா" என்றேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள், கண்ணில் ஒற்றினாள், கரையைத் தடவிப் பார்த்து, "கரை நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். என்ன பத்திரம் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, தொண்டை வரை வந்து நின்றது, பேருந்து நிலையம் வருதுத்தா, டேப் வச்சு அளந்தாங்கத்தா, எனக்குப் பயமா இருந்துச்சுத்தா. அப்போது நாகலிங்கம் பதினேழு பதினேழு என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். நல்லவேளை என்று நினைத்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே புகைப்படம் எடுக்கிறார்கள், ரேகை எடுக்கிறார்கள். தெய்வானையின் விரல் முதல் தடவையே பதிந்துவிட்டது. என் விரல் பதியவில்லை. தின்னரும் பெயிண்டும் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் பெண்ணிடம் சொன்னேன், "எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க சார், நல்லா துடைச்சிட்டு வைங்க" என்றாள். அஞ்சாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. சார்பதிவாளர் ஒரு நடுத்தர வயதுக்காரர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். பத்திரத்தைப் புரட்டினார். அவளைப் பார்த்தார்.

"இது என்ன பத்திரம்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எங்கம்மா வீட்டுல எனக்குள்ள பாதிய அண்ணனுக்கு விட்டுக் குடுக்குறேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார். அண்ணன் வீட்டு வரின்னுதான் சொல்லிக் கூட்டிட்டு வந்தாக. ஆனா எனக்குத் தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாகலிங்கம் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். போச்சு. இதற்குத்தான் சிரித்தாள், இதற்குத்தான் ‘சரிண்ணே’, எல்லாம் சிவப்பு மை, நாலு சுவருக்குள் அரசாங்க அதிகாரி முன்னால் வைத்து என் வாயில் மண் போடுவதற்காகப் பதினொரு நாள் பொறுத்திருக்கிறாள். என் கடை. என் ஷட்டர். இனி கோர்ட்டு, வாய்தா, தடையாணை. ஒரு நிமிடம் அவளை நான் வெறுத்தேன், அப்படி யாரையும் வெறுத்ததில்லை.

"அப்ப உங்களை ஏமாத்தித்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க. இஷ்டமில்லேன்னா சொல்லுங்கம்மா, இப்பவே நிறுத்திடுறேன். யாருக்கும் பயப்பட வேண்டாம்."

"பயம் எனக்கில்ல சார்" என்றாள் தெய்வானை. "அண்ணன் வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். அது அவுக பொழைக்கிற எடம். கேக்க மாட்டாக. எங்கண்ணன் அப்படித்தான். எங்க போடணும் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பத்திரத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பக்கமாக அவள் கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, ஒன்பதாவது வரை படித்தவளின் உருண்டை எழுத்து. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் என்னிடம் கண்ணைக் காட்டி, சரியா என்று கேட்பது போல. நான் தலையாட்டினேன். கடைசிக் கையெழுத்து முடிந்தபோது கடை முழுவதும் என்னுடையதாகியிருந்தது, சந்தோஷம் எங்கே என்று தேடினேன், வரவில்லை. அதற்குப் பதில் வேறொன்று தலையை நீட்டியது. ஏன் போட்டாள்? எதிர்க்காமல், ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல் யார் போடுவார்கள்? அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா? நகராட்சி ரோட்டை அகலப்படுத்தி முகப்பை இடிக்கப் போகிறதா, மாப்பிள்ளைக்கு அது முன்னாலேயே தெரியுமா? இப்படி ஓடுகிறது என் புத்தி. நானே அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நிறுத்தத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். அவள் வேப்பமரத்து நிழலில் நின்று பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னித்துவிடு என்று சொல்லலாம், ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழங்கியதில்லை, சொன்னால் நாடகம் போல இருக்கும். "வீட்டுக்கு வாத்தா" என்றேன். "மதினி சமைச்சு வச்சிருக்கா. சாப்பிட்டுப் போலாம்."

"இல்லண்ணே. ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் வெளிச்சத்தோட போய்ச் சேரலாம்."

"ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் போயேன்."

அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். தெய்வானை இதுவரை எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததே இல்லை. நினைத்தால் பஸ் ஏறுவாள், கடை வழியாகவே உள்ளே நுழைவாள், வாடிக்கையாளர் நிற்கும்போதே "அண்ணே, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். எதற்கு வந்திருக்கிறாளோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சேலை நுனியை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"இனிமே வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வர்றேண்ணே."

ஆட்டோ போய்விட்டது. இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்கிறதா என்று வழக்கம்போல என் புத்தி தேட ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சொன்னது அவ்வளவுதான்.